மகள் படிப்பும் வங்கிக் கடனும்



போத்தனூரிலிருந்து ஒரு சகோதரர் எழுதிய கடிதம் மூன்று நாள்களாக நம் மேசைமீதே கிடக்கிறது. மகள் பி.எஸ்ஸி. உளவியல் முடித்துவிட்டாள். மனநல ஆலோசகராக வேண்டும் என்பதில் உறுதியாக நிற்கிறாள். தனியார் நிறுவனமொன்று இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்கு நான்கு இலட்சம் கேட்கிறது. வங்கி கொடுக்க ஆயத்தமாயிருக்கிறது. "வட்டிக்கு வாங்கிப் படிக்க வைக்கலாமா? வாங்கினால் அந்தச் சம்பளத்தில் அடையுமா?" என்று கேட்கிறார்.

முதற்கேள்வி ஆலிம்களுக்கு உரியது. இரண்டாவதை நாம் பார்க்கலாம். திருப்பூருக்குப் பனியன் துணி எடுக்கப் போனால் பைசாக் கணக்குப் பார்க்கும் நம்மவர்கள், கல்விக் கடன் பத்திரத்தில் மட்டும் படிக்காமலே கையொப்பமிடுவதைக் கண்டிருக்கிறோம். நான்கு இலட்சம் வரை வங்கிகள் சொந்தப் பங்கு கேட்பதில்லை. ஏழரை இலட்சம் வரை சொத்து ஈடும் கேட்பதில்லை. எளிதாகக் கிடைப்பதனாலேயே அதன் கனம் தெரிவதில்லை.

ஆண்டுக்கு இரண்டு இலட்சமாக வாங்குவதாகவும், வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆயினும் வட்டி உறங்குவதில்லை. அந்த மூன்றாண்டில் தனி வட்டி மட்டும் ஒரு இலட்சம் சேர்ந்து, கடன் ஐந்து இலட்சமாகி நிற்கும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 6,600 ரூபாய் வேண்டும். முடிவில் கட்டியிருப்பது 7 இலட்சத்து 93 ஆயிரம்! சம்பளத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் தவணைக்குப் போகலாகாது என்று வைத்தால், அவள் மாதம் 33,000 ரூபாய் ஈட்ட வேண்டும். முதுகலை முடித்த கையோடு வேலைக்குச் சேரும் ஆலோசகருக்கு அத்தொகையை எத்தனை இடங்களில் தருகிறார்கள்? நிறுவனத்தின் விளம்பரத் தாளை நம்ப வேண்டாம். சென்ற ஆண்டு அங்கே படித்து வெளியேறிய நான்கு பெண்களை நேரில் கேளுங்கள். மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பலரும் இடறுவது இன்னோரிடத்தில். ஆலோசகர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு. பின்னவருக்கு, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும், சாதாரண எம்.எஸ்ஸி. பட்டம் மட்டும் அப்பதிவைத் தராது. அதற்குரிய எம்.ஃபில். படிப்பில் சேர்க்கை 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிக்கப்பட்டது. எனவே எந்தப் படிப்பு பதிவுக்கு வழி திறக்கும் என்பதைக் கட்டணம் கட்டுமுன் குழுமத்திடமே எழுத்து மூலம் கேட்டறிவது நலம். "அஞ்சல் வழியில் மலிவாக முடித்துவிடலாமே" என்போரும் உண்டு. உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் கற்பிப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் நிறுத்திவிட்டது.

நான்கு இலட்சம் கேட்பவரிடமே போயாக வேண்டுமா என்ன? கோவை அரசு கலைக் கல்லூரியில் உளவியல் துறை இருக்கிறது. மருதமலைச் சாலையில் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. நுழைவதுதான் கடினம். ஓராண்டு காத்திருந்து, நன்கு படித்து அங்கே இடம் பிடிப்பது, பத்தாண்டு தவணை கட்டுவதைவிட எளிது என்பது நம் கருத்து. பெண்பிள்ளைக்கு ஓராண்டு வீணாகிறதே என்று பாட்டிமார் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

இனி வட்டி விவகாரம். டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்குக் குறைந்த வட்டியில் கல்விக் கடன் தருகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். குறைந்த வட்டியும் வட்டிதானே என்று உறுத்துபவர்களுக்கு ஊர் ஜமாஅத்தின் பைத்துல்மால் இருக்கிறது. கரும்புக்கடையிலும் குனியமுத்தூரிலும் கல்யாணத்துக்கு ஒரே இரவில் பணம் திரட்டத் தெரிந்த நமக்கு, ஒரு மாணவிக்கு வட்டியில்லாக் கடனாக ஒரு இலட்சம் திரட்டத் தெரியாதா? ஸகாத் பெற உரியோர் எண்வகையினருள் ஏழைகளும் கடன்பட்டோரும் உண்டு. இந்த மாணவிக்கு அது பொருந்துமா என்று ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு சிரமப்பட்டு அந்தப் படிப்பு எதற்கு? பி.காம். படித்தால் போதாதா?" என்றும் சகோதரர் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. தர்கா நிழலில் குணமாகும் என்று குடும்பத்தார் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாகக் கண்டது. நம் வீடுகள் மட்டும் அதற்கு விலக்கா? பிரசவத்துக்குப்பின் காரணமின்றி அழும் மருமகளை "பேய் பிடித்தது" என்று தாயத்துக் கட்டியே காலம் கடத்துகிறோம். அவள் அந்நிய ஆணிடம் மனம் திறக்கமாட்டாள். தன் மொழி பேசும், தன் வீட்டு வழக்கம் அறிந்த ஒரு பெண்ணிடம் திறப்பாள்.

எனவே சகோதரரே, அந்தத் தனியார் நிறுவனத்தின் விண்ணப்பத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம் இரண்டுக்கும் மகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இடம் கிடைத்ததும் மறவாமல் எழுதுங்கள். அதற்குள் உங்கள் மஹல்லா ஜமாஅத் தலைவரிடம் நாமும் பேசிவைக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.