மறுபடியும் வலப்புறம்!

சனிக்கிழமை பயிற்சித் திடலில் தீர்ந்துவிட்ட கோளாறு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் தவறாமல் வந்து நிற்கிறது. கோல்ப் ஆடும் அமெச்சூரின் தலைவிதி அது! நேரே பறந்த பந்து பாதி வழியில் வலப்புறம் வளைந்து புதருக்குள் ஒளிந்து கொள்கிறது. 'ஸ்லைஸ்' என்பார்கள். பாவம், மனிதர் அடுத்த முறை இடப்புறமாகக் குறி வைக்கிறார். வந்தது வினை! மட்டை முன்னிலும் குறுக்கே இழுபட, பந்து இன்னும் அதிகமாக வளைகிறது.

மட்டை பந்தைத் தொட்டுக் கொண்டிருப்பது ஒரு விநாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரந்தான். அதற்குள் எதைத் திருத்த முடியும்? முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடியை அல்லவா?

பென் ஹோகனையே, பந்து இடப்புறம் வளையும் உபத்திரவம் பல வருஷம் ஆட்டி வைத்தது. அவர் பிடியை மாற்றினார்; 1948-ல் அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்றார். நம் அமெச்சூரோ புது மட்டை வாங்கக் கடைக்குப் போகிறார்!