பொய் சொல்லும் அறை



ஒக்கலிபுரத்தை அறிந்தவர்களுக்கு அதன் ஓசையை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. சிட்டி ஸ்டேஷனிலிருந்து சென்னைக்கும் தும்கூருக்கும் பிரிந்து செல்லும் இருப்புப்பாதைகளை ஒட்டி நெருக்கமாய் அமைந்த சந்துகள் அவை. அங்கே ஒரு வாலிப சகோதரர் தம் வீட்டு மாடியில், நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாயுள்ள அறையொன்றைப் பாடல் பதிவுக்கான கண்ட்ரோல் அறையாக மாற்றினார். மனைவியின் நகையை அடகு வைத்து நல்ல ஸ்பீக்கர்களையும் வாங்கினார்.

முதல் பாடல் அவர் அறையில் இனிமையாகவே ஒலித்தது. சபையில் போட்டபோதோ பேஸ் கிட்டார் மட்டும் இடிபோல் முழங்கி, பாடியவருடைய வார்த்தைகளை விழுங்கிவிட்டது. முன்வரிசைத் தாய்மார் காதைப் பொத்திக்கொண்டார்கள். இவற்றை விற்று இன்னும் விலையுயர்ந்த ஸ்பீக்கர் வாங்கலாமா என்று அவர் என்னிடம் கேட்டார். முன்பு சில காலம் ஒலிபெருக்கி வேலை செய்தவன் என்ற உரிமையில், முதலில் அறையைப் பார்ப்போம் என்றேன்.

குற்றம் அறையில்தான் இருந்தது. ஸ்பீக்கரிலிருந்து புறப்படும் ஓசை சுவரில் மோதித் திரும்புகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையிலுள்ள தூரம் ஓர் ஒலியலையின் நீளத்தில் சரிபாதியாக அமைந்துவிட்டால், அந்தச் சுருதி அறைக்குள் நிலைகொண்டுவிடும். 10 அடி அறையில் அப்படி நிற்பது 20 அடி நீளமுள்ள அலை. விநாடிக்கு ஏறக்குறைய 56 அதிர்வுகள். பேஸ் கிட்டாரின் மூன்றாம் தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் எழுவது 55. மூன்று அளவும் சமமாயிருந்தபடியால் ஒரே சுருதி மூன்று திசைகளிலும் குவிந்தது. இவ்வாறு குவிந்த சுருதி சுவரோரத்தில் முழங்கும். அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய மறைந்துபோகும். நம் சகோதரரின் நாற்காலியோ நட்டநடுவில்! தம் காதுக்கு எட்டாததைக் கேட்கவைக்க அவர் பேஸைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

சுவர் முழுவதும் முட்டை அட்டைகளும் ஓர் அங்குல நுரைப்பஞ்சும் ஒட்டியிருந்தார். கைதட்டிப் பார்த்தால் எதிரொலி குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் குறைவது மேல்சுருதிகளே. 20 அடி அலையை ஓர் அங்குலப் பஞ்சு என்ன செய்யும்? வேறோர் ஆபத்தும் உண்டு. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், இசைக்கூடமொன்றின் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் வாணவேடிக்கைப் பொறி பற்றி 100 பேர் மாண்டார்கள். கீழ்வீட்டில் இவருடைய பிள்ளைகள் உறங்குகிறார்கள். அவை அன்றைக்கே அகற்றப்பட்டன.

பின்பு நாற்காலியை முன்சுவரிலிருந்து ஏறக்குறைய 3¾ அடியில் போட்டோம். இரண்டு ஸ்பீக்கர்களும் அவர் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாய் அமைந்தன. தாழ்ந்த சுருதிகள் அதிகம் திரளும் இடம் மூலைகள். ஆகவே நான்கு மூலைகளிலும் தரைமுதல் கூரைவரை ராக்வுல் பலகைகளைத் தடிப்பாய் நிறுத்தினோம். அது தீப்பற்றாது. ஆனால் அதன் இழைகள் தோலையும் மூச்சையும் உறுத்தும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடாதிருங்கள். மேலே போர்த்துகிற துணி, வாயால் ஊதினால் காற்று புகுகிற துணியாய் இருக்கவேண்டும். ரெக்சின் உதவாது.

பக்கச் சுவர்களுக்குக் கண்ணாடி ஒன்றே போதுமான கருவி. அவர் நாற்காலியில் அமர, மனைவி முகம்பார்க்கும் கண்ணாடியைச் சுவரோரமாய் நகர்த்திக்கொண்டே சென்றார். எங்கே ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிந்ததோ, அங்கே மட்டும் 4 அங்குலப் பலகை ஒன்று. கூரையிலும் அப்படியே. மற்ற இடங்களைச் சுவராகவே விட்டோம். முழுவதும் மூடிய அறையில் பாட்டு உயிரற்றுப்போகும் என்பது என் எண்ணம். 56-ஆம் சுருதி முற்றிலும் அடங்கவில்லை, கனசதுர அறையில் அது அடங்குவதும் அரிது. ஆயினும் அதே பாடலை மறுபடியும் மிக்ஸிங் செய்து சபையில் போட்டபோது வார்த்தைகள் தெளிவாய்க் கேட்டன. ஸ்பீக்கர்கள் பழையவையே.

இரயில் ஓசைக்கு மாத்திரம் ராக்வுல் பரிகாரமல்ல. அது அறைக்குள் சுழலும் ஓசையை உறிஞ்சுமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. தடுப்பதற்குக் கனத்த சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும்; வாடகை வீட்டில் அது எளிதல்ல. இதைச் சொன்னபோது எனக்கு வாலஸ் சபைன் நினைவுக்கு வந்தார். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடமொன்றில் ஓசை ஐந்தரை விநாடி தேங்கி நின்று, பேச்சு விளங்காமல் போனது. சீர்செய்யும் பொறுப்பு இளம் ஆசிரியரான அவரிடம் வந்தது. அருகிலிருந்த அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து, ஓர் ஆர்கன் குழலும் நிறுத்தக் கடிகாரமும் கொண்டு, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு ஓசை அடங்குகிறது என்று அளந்தார். தாம் உடுத்தியிருந்த உடைகூட ஓசையை உறிஞ்சி அளவை மாற்றுகிறதென்று கண்டபோது, பழைய அளவுகளைத் தள்ளிவிட்டு, ஒரே உடையில் மறுபடியும் தொடங்கினார். தெருச்சத்தத்துக்குத் தப்ப அவர் தெரிந்துகொண்ட வேளை நள்ளிரவுமுதல் விடியற்காலம்வரை.

நம் சகோதரரும் இப்பொழுது குரல் பதிவுகளை இரவு ஒரு மணிக்குமேல் வைத்துக்கொள்கிறார். மேசையின்மேல் இரயில்வே கால அட்டவணை ஒன்று இருக்கிறது. சரக்கு வண்டிகள் அதற்கு அடங்குவதில்லை என்று சிரிக்கிறார்.