மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி: தங்குமிடம் கோரும் மனு

பெறுநர்: மருத்துவக் கல்வித் துறை உயர் அலுவலர்கள்

பொருள்: முதுநிலை மாணவர்களின் மாவட்டப் பயிற்சித் திட்டம் – தங்குமிடம், போக்குவரத்து, பாதுகாப்பு – ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் சங்கத்தின் மார்ச் மாத மனு, ஜூலை மாத நினைவூட்டல், அதன் மீதான நினைவூட்டல்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி., எம்.எஸ். பயிலும் மாணவர்களின் சங்கம் சார்பில் இம்மனு அளிக்கப்படுகிறது.

மார்ச் மனுவில் சொன்னதையே மீண்டும் சொல்கிறோம். 2020-இல் அறிவிக்கப்பட்டு, 2021-ஆம் ஆண்டு சேர்ந்தவர்கள் முதல் நடைமுறைக்கு வந்த திட்டம் இது. மூன்றாம், நான்காம் அல்லது ஐந்தாம் பருவத்தில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றாமல் எங்களில் எவராலும் இறுதித் தேர்வு எழுத முடியாது. இப்பயிற்சியை நாங்கள் எதிர்க்கவில்லை. கல்லூரியில் பேராசிரியருக்குப் பின்னால் நின்று பார்ப்பதை அங்கே நாங்களே செய்கிறோம்.

ஜூலை நினைவூட்டலில் விதியையும் எடுத்துக்காட்டியிருந்தோம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி ஒழுங்குமுறைகளின்படி, மாவட்டப் பயிற்சியில் இருப்போருக்குப் போக்குவரத்து, உணவு, உறைவிடம், பாதுகாப்பு ஆகியவற்றை மாநில அரசு அளிக்க வேண்டும். அதற்கு வந்த ஒரே பதில், ‘உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது’. கல்லூரிகளைப் பார்க்கும் அலுவலகம் மருத்துவமனைகளைப் பார்க்கும் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. அது கல்லூரியைக் கைகாட்டுகிறது. விதியோ எந்த அலுவலகத்தையும் சொல்லவில்லை, மாநில அரசு என்கிறது. இரண்டும் அதற்குள் அடக்கம்தானே?

2022 ஜனவரியில் திண்டுக்கல், விருதுநகர், நாமக்கல் உட்பட 11 ஊர்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பல மாவட்டத் தலைநகர்களின் பெரிய மருத்துவமனைகள் கல்லூரியோடு சேர்ந்துவிட்டதால், பயிற்சிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் சிற்றூர் மருத்துவமனைகளே. 50 படுக்கை இருந்தால் போதும் என்று 2023 விதியும் தளர்ந்துவிட்டது. படுக்கை எண்ணப்பட்டது, டாக்டர் படுக்க இடம் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. காலாவதியான குளுக்கோஸ் பெட்டிகளை ஓரம் தள்ளிய ஸ்டோர் ரூம் ஓரிடத்தில் ‘குவார்ட்டர்ஸ்’ ஆனது. தாழ்ப்பாள் உள்பக்கம் இல்லை. இன்னோர் ஊரில் மகப்பேறு பிரிவு மாணவி நள்ளிரவுக்கு மேல் சிசேரியன் முடித்துத் திரும்பினால் லாட்ஜ் கதவு பூட்டியிருக்கும். விடியும்வரை செவிலியர் அறை நாற்காலிதான். லாட்ஜ் வாடகையும் அவரது ஸ்டைபண்டிலிருந்தே போனது.

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பணியிலிருந்த முதுநிலை மாணவி கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுக்கப் போய்க் கொலையுண்டார். அதன்பின் உச்ச நீதிமன்றமே மருத்துவர் பாதுகாப்புக்குத் தேசியப் பணிக்குழு அமைத்தது. தாழ்ப்பாள் கேட்பதை இனியும் சில்லறைக் கோரிக்கையாக எண்ண வேண்டாம்.

எனவே, பூட்டும் கழிப்பறையும் உள்ள தங்குமிடம் இருப்பதாக மருத்துவமனைக் கண்காணிப்பாளர் எழுத்தில் சான்று தந்த பிறகே அங்கு மாணவரை அனுப்ப வேண்டும். இடமில்லாத ஊரில் வாடகையை அரசே ஏற்க வேண்டும். இரவுப் பணிக்கு வாகனம் தர வேண்டும். செலவு எந்தத் தலைப்பில் என்பதையும் இவற்றுக்கான ஆணையிலேயே குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அதற்கொரு கோப்பு தொடங்கும்.



அடுத்த அணி புறப்படும் முன் ஆணையின் நகலைச் சங்கத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம். ‘அனுப்பப்பட்டுள்ளது’ என்ற பதில் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகளுடன்.