பாதிரியாருக்கு எதற்குப் பதினைந்து கிலோ வாள்?

கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கும் புதிய காணொளி ஒன்று, இடைக்கால ஐரோப்பிய வீரனின் வாள் 15 கிலோ என்று அறிவிக்கிறது. தூக்கவே மல்லன் வேண்டுமாம். வீச்சு தவறினால் வீசியவனே குப்புற விழுவானாம். ஆகவே அங்கே கலை என்று ஒன்று கிடையாதாம், வெறும் முரட்டு அடியாம். முழங்கும் பின்னணி இசையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நெடுங்காலமாக எல்லோரும் ஒப்பிக்கும் அதே பழைய பாட்டுதான். கலை கிழக்குக்கு, தசை மேற்குக்கு என்று யாரோ பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நாமும் பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டோம். சிலம்பத்துக்குக் காலடி வரிசை உண்டு, சாமுராய்க்குத் தியானம் உண்டு, ஐரோப்பியனுக்கு மட்டும் புஜம் போதும். தராசு என்ற பொருள் இந்த நம்பிக்கைக்காரர்களின் கண்ணிலேயே பட்டதில்லை போலும். அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் ஒற்றைக் கை வாள்கள் பெரும்பாலும் 1 முதல் 1.3 கிலோ. இரு கைகளாலும் பிடிக்கும் நெடுவாள் பொதுவாக 1.2 முதல் 1.8 கிலோ. ஆளுயர வாள்கூடப் போருக்கென்று செய்ததானால் பெரும்பாலும் 2 முதல் 3.5 கிலோவுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் கனத்தவை ஊர்வலத்தில் பிரமுகர்களுக்கு முன்னால் ஏந்திச் செல்லச் செய்தவை. தண்ணீர் நிரம்பிய 1 லிட்டர் பாட்டிலைத் தூக்க முடிந்தவரால் அந்த வீரனின் வாளையும் தூக்க முடியும். தூக்கிய பிறகு என்ன செய்வது என்பதைத்தான் ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டியிருந்தது.

கற்றார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ள ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில், ஐ.33 என்ற எண்ணிட்ட லத்தீன் சுவடி ஒன்று இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் நிலத்தில் எழுதப்பட்டது, 64 பக்கங்கள், இன்று நமக்குக் கிடைத்திருக்கும் ஐரோப்பிய வாட்பயிற்சி நூல்களில் மிகப் பழையது. அதில் பாடம் நடத்துபவர் மல்லனோ தளபதியோ அல்ல. உச்சி மழித்த ஒரு பாதிரியார். அங்கி தரையைத் தொட, ஒரு கையில் வாளும் மறு கையில் பக்லர் என்னும் சிறு கைக்கேடயமுமாக நின்று, மாணவனுக்கு ஏழு காப்பு நிலைகளைக் காட்டுகிறார்; ஒவ்வொரு நிலைக்கும் எதிர்நிலை எது, வாளோடு வாள் பிணைந்தால் அடுத்து எங்கே நகர்வது என்று படம் படமாக விளக்குகிறார். கடைசிப் பக்கங்களில் மாணவனின் இடத்தில் வால்புர்கிஸ் என்ற பெண் வாளேந்தி நிற்கிறாள். 15 கிலோ கட்சிக்காரர்கள் இந்தப் படங்களுக்கு ஒரு விளக்கம் தரட்டும். பூசை முடித்து வந்த பாதிரியார் ஒற்றைக் கையில் கால் மூட்டைக்கு மேல் சிமெண்டைச் சுழற்றினாரா? வால்புர்கிஸ் நீண்ட பாவாடையோடு அதைத் தடுத்தாளா?

ஒரு மடாலயத்து விசித்திரத்தை வைத்து ஒரு கண்டத்தை அளக்கலாமா என்று கேட்பார்கள். அந்தப் பாதிரியாரே பதில் சொல்லிவிட்டார்: சாதாரண வாள்வீரர்கள் இப்படித்தான் செய்வார்கள், நாம் வேறு விதமாகச் செய்வோம் என்று தம் சுவடியில் குறிக்கிறார். ஊரில் பரவலான பழக்கம் ஒன்று இல்லாமல், அதைவிட மேலான வழி என்று ஒருவர் எதைச் சொல்ல முடியும்? பாதிரியாரின் சாட்சி போதாதென்றால் அரசரின் சட்டம் இருக்கிறது. முதலாம் எட்வர்ட் 1285இல் லண்டன் நகரத்துக்கு இட்ட சட்டம், பக்லர் வாட்பயிற்சிப் பள்ளி நடத்துவதைத் தடைசெய்தது. இல்லாத பள்ளியை எந்த அரசனும் மூடச் சொல்வதில்லை. இத்தாலியில் ஃபியோரே தெய் லிபேரி 1410 வாக்கில் தம் கலையைப் படங்களோடு எழுதி, ஃபெராராவின் ஆட்சியாளர் மூன்றாம் நிக்கோலோ தெஸ்தேவுக்குக் காணிக்கையாக்கினார். பிராங்க்பர்ட்டின் வாட்கலைக் குழுவுக்குப் பேரரசர் மூன்றாம் பிரடெரிக் 1487இல் தனியுரிமை கொடுத்தார். 16ஆம் நூற்றாண்டு லண்டனில் ஆசான்களின் சங்கம் மாணவர்களைப் படிப்படியாக ஏற்றியது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக, ஊரார் முன்னிலையில் பல ஆயுதங்களோடு மோதிக் காட்ட வேண்டும். தேர்வும் பட்டமும் உரிமமும் வைத்து நடத்தியதை முரட்டு அடி என்று சொல்கிறவர், தம் கல்லூரிப் பட்டத்துக்கும் அதே பெயரை வைக்கலாம்.

எடைக் கதையைவிடப் பெரிய அறியாமை, வாளின் எடை எங்கே இருக்கிறது என்று கேட்காதது. நல்ல வாளின் அலகு பிடியருகே தடித்து, முனையை நோக்கி மெலிந்துகொண்டே போகும். பிடியின் அடியில் இருக்கும் குமிழ் கைக்குப் பின்னால் எடையைக் கூட்டும். இரண்டும் சேர்ந்து சமநிலைப் புள்ளியைக் கைக்காப்புக்குச் சற்று முன்னால் நிறுத்துகின்றன. அதனால்தான் முனை நினைத்த இடத்தில் நிற்கும், திசை மாற்றினால் மாறும். அப்படியானால் இன்று இந்த வாட்கலையைப் பழகுகிறவர்கள் எதற்கு விண்வெளிக்குப் போவதுபோல் உடுத்திக்கொள்கிறார்கள் என்று மடக்குவார்கள். வாள் இலகுவாக, வேகமாக இருப்பதால்தான். மெதுவாக வருவதிலிருந்து விலகிக்கொள்ளலாம். கண் பார்ப்பதற்குள் வருவதற்குக் கவசம் வேண்டும். பழகுவதற்கு ஃபெடர் என்ற மழுங்கல் வாள் இருக்கிறது: கூரில்லாத ஒடுங்கிய அலகு, காப்பருகே மட்டும் அகன்றிருக்கும், குத்தினால் வளைந்துகொடுக்கும், பெரும்பாலும் 1.3 முதல் 1.6 கிலோ. 1570இல் யோவாகிம் மேயர் அச்சிட்ட நூலின் படங்களிலேயே இதே வடிவம் இருக்கிறது. நேற்றைய விளையாட்டுக் கடைச் சரக்கு அல்ல. முகத்துக்குக் கம்பிவலை மாஸ்க்; அடி எந்தப் பக்கமிருந்தும் வரும் என்பதால் பிடரிக்குத் தனி மூடி; தொண்டைக்கு விறைப்பான காப்பு; 350 அல்லது 800 நியூட்டன் குத்துவிசைக்குச் சோதித்த பஞ்சு வைத்த ஜாக்கெட்; முழங்கைக்கும் முழங்காலுக்கும் ஓடு. எல்லாவற்றையும்விடத் தடித்தவை கையுறைகள். எதிராளியின் முனைக்கு மிக அருகில் இருப்பது விரல்தான். இந்தப் பயிற்சியில் அடிக்கடி உடைவதும் அதுதான். மறுபடியும் நம் பாதிரியாரைப் பாருங்கள்: கையுறை இல்லை, ஆனால் வாளேந்திய கையை ஒட்டியே பக்லர் நகர்கிறது. அந்தச் சிறு கேடயத்தின் முதல் வேலை நெஞ்சைக் காப்பது அல்ல, கையைக் காப்பது. விரல் எலும்பைப் பற்றி 700 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு யோசித்தவரைத்தான் காணொளி காட்டுமிராண்டிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

தகட்டுக் கவசத்தை உடைக்கக் கனமான வாள் வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. வேண்டாம், எந்த எடை வாளும் எஃகுத் தகட்டை வெட்டாது என்று அந்தக் காலத்தவருக்குத் தெரியும். ஆகவே இடக்கையால் அலகின் நடுவைப் பிடித்து, வாளைக் குட்டை ஈட்டியாக்கி, அக்குளிலும் முகமூடி இடுக்கிலும் முனையைச் செருகினார்கள். ஃபியோரே அதற்கென்றே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். கவசம் போட்டவனைக் கிரேன் வைத்துக் குதிரையில் ஏற்றினார்கள் என்ற கதை வேறு! 1944இல் லாரன்ஸ் ஒலிவியே ஐந்தாம் ஹென்றி படத்தில் காட்டிவிட்டார், அது வரலாறாகிவிட்டது. போர்க்களத் தகட்டுக் கவசம் முழுதாகச் சுமார் 15 முதல் 25 கிலோ. அதுவும் உடம்பு முழுக்கப் பரவி நிற்கும் எடை. பிரெஞ்சுத் தளபதி பூசிக்கோ கவசத்தோடு கரணம் அடித்ததையும், ஏணியின் அடிப்புறமாகக் கைகளாலேயே ஏறியதையும் அவர் வாழ்நாளிலேயே எழுதப்பட்ட வரலாறு பதிவுசெய்கிறது.

இந்தப் பொய்யை உண்டாக்கியவர்கள் ஐரோப்பியர்களே என்பதுதான் வேடிக்கை. 1885இல் எகர்டன் காசில் வாட்பள்ளிகளின் வரலாறு எழுதியபோது, இடைக்காலம் முரட்டு வலிமையின் காலம், கலை பிறகுதான் மலர்ந்தது என்ற வரைபடத்தைப் போட்டார். தங்கள் நூற்றாண்டை உச்சியில் வைத்துக்கொள்ள விக்டோரியா காலத்தவர்களுக்கு அடியில் ஒரு காட்டுமிராண்டி தேவைப்பட்டான். ரேப்பியர் என்ற மெல்லிய வாள் வந்துதான் வாள் இலகுவானது என்று இன்றும் ஓதுகிறார்கள். பல ரேப்பியர்கள் பாதிரியார் காலத்து ஒற்றைக் கை வாளின் எடையே கொண்டவை. ஒலிம்பிக் வாட்போட்டியைக் காட்டி இதுவே உண்மை என்பவர்கள், அதன் ஃபாயில் என்ற வாள் 500 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதிப்புத்தகத்தின் கணக்கு, போர்க்களத்தின் கணக்கல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள். பரம்பரை அறுந்துபோன கலையை நூலைப் பார்த்து மீட்க முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. முழுக்க முடியாதுதான். அதற்காகத்தான் ஒவ்வொரு விளக்கத்தையும் கவசமணிந்து, எதிர்க்கும் ஆளோடு மோதிச் சோதிக்கிறார்கள். உடையாத பரம்பரை என்று மார்தட்டிவிட்டு ஒருநாளும் மோதிப் பார்க்காத பள்ளிகளைவிட இது நேர்மையான முறை.

திரைப்படங்கள் செய்யும் சேதம் தனி. நாயகன் முதுகிலிருந்து வாளை உருவுகிறான், தோல் உறையிலிருந்து உலோகம் கிரீச்சிடுகிறது, ஒரே வீச்சில் மார்புத் தகடு கிழிகிறது. பார்ப்பவர் ஆன்லைனில் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாள் ஒன்றை வரவழைக்கிறார். சுவரில் மாட்டச் செய்த பொருள் அது. நீண்ட அலகுக்கு அந்த உலோகம் முறியும் தன்மையுள்ளது. பிடிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒட்டவைத்த மெல்லிய திருகாணித் தண்டு. பலமாக வீசினால் பிடி கையில் நிற்கும், அலகு அறையின் மறுகோடிக்குப் பறக்கும். தசைதான் வாள்வித்தை என்ற நம்பிக்கை வரலாற்றை மட்டும் கெடுப்பதில்லை, பக்கத்தில் நிற்பவரின் கண்ணையும் கெடுக்கக்கூடும். ஒழுங்கான பயிற்சிக்கூடத்தில் தொடக்கநிலையாளருக்கு முதலில் கிடைப்பது காலடியும் இடைவெளியும் கணிக்கும் பாடம். மாஸ்க் இல்லாமல் எதிராளி முன் நிற்க விடமாட்டார்கள். காணொளியை நம்பியவர் முதலில் வாங்குவது வாள். கற்றுக்கொள்ள வந்தவர் முதலில் வாங்குவது மாஸ்க்.