பாராளுமன்றத்தை யார் கூட்டுகிறார்கள்?

போன தவணை எங்கள் பாடசாலையின் தரம் 10, 11 பிள்ளைகளைப் பாராளுமன்றம் பார்க்க அழைத்துப் போனோம். நடுச்சாமத்தில் தோட்டத்தை விட்டு பஸ் கிளம்பியது. விடியும்போது பத்தரமுல்லைப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். தியவன்னா ஓயாவின் நடுவே அந்தக் கட்டடத்தைக் கண்டதும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். ஜெப்ரி பாவா வரைந்து 1982இல் திறக்கப்பட்டது, 225 பேர் இருக்கிறார்கள், பாராளுமன்றத்தைக் கூட்டுவது ஜனாதிபதி என்று வகுப்பில் படித்ததையெல்லாம் நாங்களும் திரும்பச் சொல்லிக்கொண்டு போனோம். பார்வையாளர் கலரியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பிள்ளை எங்கள் காதருகே வந்து கேட்டாள்: "டீச்சர், இவ்வளவு பெரிய இடத்த யாரு கூட்டுறா?"

அவள் கேட்டது விளக்குமாற்றால் கூட்டுவதை. அவளுடைய அம்மா தோட்டத்து வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்கிறவர். தரை பளபளப்பதைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைக்கு அதுதான் தோன்றியிருக்கிறது. எங்களுக்குத் தோன்றவில்லை. பத்து வருடத்துக்கு மேலாகக் குடியியல் படிப்பித்தும், அந்த வேலையாட்களைப் பற்றி ஒரு வரிகூட நாங்கள் படிப்பித்ததில்லை. திரும்பி வந்த பிறகு தேடிப் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

2018 நவம்பர் 16ஆம் திகதி சபைக்குள் மிளகாய்த் தூள் வீசப்பட்டது, புத்தகங்கள் பறந்தன, நாற்காலியைத் தூக்கினார்கள். பொலிஸார் சூழ்ந்து நின்றுதான் சபாநாயகரால் சபையை நடத்த முடிந்தது. முழு நாடும் தொலைக்காட்சியில் பார்த்தது. சபை கலைந்தபின் கமரா அணைந்துவிட்டது. கண் எரிய எரிய அந்த மிளகாய்த் தூளைத் துடைத்தவர்களும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள்தான்.

அங்கே வேலை செய்கிறவர்கள் நூற்றுக்கணக்கானோர். செயலாளர் நாயகம், படைக்கலச் சேவிதர் என்று தொலைக்காட்சியில் தெரிகிறவர்கள் சிலர்தான். ஹன்சார்ட் எழுதுகிறவர்கள், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து உரைபெயர்ப்புச் செய்கிறவர்கள், குழுக்களுக்குக் கடதாசி தயாரிக்கிறவர்கள், மின்சாரம் பார்க்கிறவர்கள், சமையல்காரர்கள், கூட்டித் துடைக்கிற பெண்கள் என்று மற்றவர்கள் எல்லாம் பின்னால் இருக்கிறார்கள். வரவு செலவுத் திட்டக் காலத்தில் வாரக்கணக்காக, சனிக்கிழமையிலும் விவாதம் நடக்கும். உறுப்பினர் பேசிவிட்டு எழுந்து போகலாம். சமையலறைக்காரருக்கு அது முடியாது.

இவர்களை யார் நியமிக்கிறார்கள்? அரசியலமைப்பின் 65ஆம் உறுப்புரையின்படி செயலாளர் நாயகத்தை ஜனாதிபதி நியமிக்கிறார். ஊழியர்களை, சபாநாயகரின் அங்கீகாரத்தோடு செயலாளர் நாயகம் நியமிக்கிறார். மற்ற அரசாங்க ஊழியர்களைப் போல இவர்கள் பொதுச் சேவை ஆணைக்குழுவின் கீழ் வருவதில்லை. 1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற ஊழியர் சட்டப்படி பதவியணி ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. சபாநாயகர், சபை முதல்வர், எதிர்க்கட்சித் தலைவர், நிதி அமைச்சர் ஆகிய நான்கு பேரும்தான் அந்தக் குழு. அரசாங்கத்திலிருந்து பாராளுமன்ற ஊழியர் விலகி நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது, அந்த நோக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாலு பேரும் அரசியல்வாதிகள். கூட்டுகிறவருக்கோ எழுதுகிறவருக்கோ அந்த மேசையில் ஒரு கதிரைகூட இல்லை.

இது எங்களுக்குப் பழக்கமான கதை. கங்காணிமேல் குறை இருந்தால் கங்காணியிடமே சொல்ல வேண்டும், துரையின்மேல் குறை இருந்தால் துரையிடமே சொல்ல வேண்டும் என்றுதான் தோட்டம் நடந்தது. சங்கம் வந்த பிறகுதான் மேசையின் மறுபக்கம் ஒரு கதிரை போடப்பட்டது. அதையும் சும்மா யாரும் போடவில்லை.

2023இல் பாராளுமன்றத்தின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்யும் பெண்கள் பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாகச் செய்திகள் வந்தன. உள்ளக விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது, சிலர் பணி இடைநிறுத்தப்பட்டார்கள். யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆளில்லை. எங்களுக்கு உறுத்துவது வேறு. பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கித் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவைத் திருத்தியது 1995இல் இதே பாராளுமன்றம்தான். அந்தச் சட்டம் நிறைவேறிய கட்டடத்திலேயே, தரை துடைக்கிற ஒரு பெண் அதே நிறுவனத்துக்குள் உள்ளவர்களிடம்தான் முதலில் போய் நிற்க வேண்டியிருந்தது. மலையில் கொழுந்து பறிக்கிற எங்கள் அக்காமாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. யாரைப் பற்றி முறைப்பாடோ, நாளைக்கு எந்த மலைக்கு வேலைக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பதும் அவராகவே இருக்கும். பேச நினைத்த வாய் மூடிக்கொள்ளும். அதனால் விசாரிக்கிற குழுவில் வெளியாள் இருக்க வேண்டும், பெண் இருக்க வேண்டும், முறைப்பாடு செய்தவரின் வேலைக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும். பாராளுமன்றத்திலும் அப்படித்தான், தோட்டத்திலும் அப்படித்தான்.

"அவங்க நம்மளவிட நல்லா சம்பளம் எடுக்கிறவங்க. அவங்க கதை நமக்கெதுக்கு?" என்று கடந்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தலைவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 2025இல் உறுப்பினர்களின் ஒருநாள் சாப்பாட்டுக் கட்டணம் 450 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தபோது லயத்தில் எல்லாரும் கைதட்டினோம். தட்டியது சரி. ஆனால் சாப்பாட்டின் விலை தெரிந்துவிட்டதால் நிர்வாகம் வெளிப்படையாகிவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அதைச் சமைக்கிறவருக்கு எத்தனை மணித்தியால வேலை, எத்தனை பேர் வேலையை ஒருவர் செய்கிறார், யாரைக் கேட்டு ஆள் எடுக்கிறார்கள் என்பதையும் நாங்கள் கேட்க வேண்டும். தராசைப் பற்றி நமக்குத் தெரியாதா? சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழிக்கும்போது நாம் கேட்டது கூடுதல் காசை அல்ல. முள்ளைப் பார்க்க விடு என்றுதான் கேட்டோம். முள்ளைப் பார்க்க விட்டதும் கழிவு தானாகக் குறைந்தது.

பாராளுமன்றத்தின் முள்ளைப் பார்க்க ஒருவர் எவ்வளவு காலம் நிற்க வேண்டியிருந்தது என்று பாருங்கள். சொத்துப் பிரகடனம் கொடுத்த உறுப்பினர்கள் யார் யார் என்று 2018இல் ஒரு செய்தியாளர் தகவல் கேட்டார். எவ்வளவு சொத்து என்றுகூட அவர் கேட்கவில்லை, கேட்டது பெயர்ப்பட்டியல் மட்டும்தான். கொடுக்க முடியாது என்றார்கள். தகவலறியும் உரிமை ஆணைக்குழு கொடுக்கச் சொன்னது. நிர்வாகம் நீதிமன்றம் போனது. 2023 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆணைக்குழு சொன்னதே சரி என்றது. ஒரு பட்டியலுக்கு ஐந்து வருடம் போனது. அதே 2023இல் வந்த ஊழலுக்கு எதிரான சட்டத்தின் பின் சொத்து விபரம் வெளியிடப்படுகிறது. 2019இலிருந்து கோப் குழுவின் அமர்வுகளையும் செய்தியாளர் பார்க்க முடிகிறது. ஆகவே கதவு திறக்காது என்று சொல்வதற்கில்லை. தட்டியவர்கள் இருந்ததால்தான் இவ்வளவாவது திறந்திருக்கிறது.

இனி, நமக்கு நேரடியாக வருகிற விடயம். அது தமிழ்.

சட்டமூலங்களைத் தமிழாக்குவது சட்டவரைஞர் திணைக்களம். சபையில் பேசுவதை அந்த நேரமே மொழிமாற்றுவது பாராளுமன்றத்தின் உரைபெயர்ப்பாளர்கள். இரண்டு இடத்திலும் ஆள் போதாவிட்டால் அடி விழுவது நமக்கு. சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே செல்லும் என்ற வாசகத்தோடுதான் நம்முடைய சட்டங்கள் வெளிவருகின்றன. தமிழ் அரச கரும மொழியாகி 1987இலிருந்து இத்தனை வருடம் ஆகியும் நிலை இதுதான். ஒரு சட்டமூலத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக மாதங்கள் கிடைப்பதில்லை, நாட்கள்தான் கிடைக்கின்றன. 2023இல் பல தொழிற்சட்டங்களை ஒழித்து ஒரே சட்டமாக்கும் யோசனை வந்தது நினைவிருக்கும். அப்படி ஒன்று மறுபடி வந்தால், பிழையில்லாத தமிழ்ப் பிரதி முதல் நாளே நம் கையில் இருக்க வேண்டும். அதற்கு அங்கே போதிய தமிழ் ஊழியர் இருக்க வேண்டும், அவர்கள் தூக்கமில்லாமல் இரண்டு பேர் வேலையைச் செய்கிறவர்களாக இருக்கக்கூடாது.

ஹன்சார்டும் அப்படித்தான். யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அது அச்சாகிறது. நம்முடைய நாட்சம்பளத்தைப் பற்றி ஓர் அமைச்சர் சிங்களத்தில் சொன்ன பதில் சிங்களத்திலேயே கிடக்கிறது. பதுளையிலோ அட்டனிலோ இருக்கும் ஒரு தோட்டத் தலைவர் அதைப் படிக்க வேண்டுமானால் யாரையாவது தேடிப் போக வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்றால் என்ன என்று ஆசிரியர்களான எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சில வருடங்களுக்கு முன் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர் என்ற பெயரில் மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவுக்கு ஆள் எடுத்தார்கள். பிறகு அது 10,000 ஆனது. அந்தக் காசில் பஸ்ஸுக்கே பாதி போனது. வகுப்பில் நின்றது உதவியாளர் அல்ல, முழு ஆசிரியர்தான். பெயரை மாற்றி வைத்து வேலையை மலிவாக வாங்குவது எங்கெல்லாம் நடக்கிறது என்று பார்க்கும் கண் எங்களுக்கு அப்போதுதான் வந்தது. பாராளுமன்றத்திலும் நிரந்தரம், தற்காலிகம், ஒப்பந்தம் என்று எத்தனை வகை, எந்த வகையில் எத்தனை பேர் என்று பார்க்க விரும்புகிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 1947 தேர்தலில் தோட்டப்புறத்திலிருந்து ஏழு பேரை இலங்கை இந்தியன் காங்கிரஸ் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த இரண்டு வருடத்துக்குள் அதே பாராளுமன்றம் நம் பாட்டன் பாட்டிமாரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தது. அதனால் அந்த இடத்தைத் தூரத்திலிருந்து, கொஞ்சம் பயத்தோடு பார்க்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. உறுப்பினரை அனுப்புவதோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம். அங்கே எழுதுகிற, மொழிபெயர்க்கிற, நிர்வாகம் செய்கிற வேலைகளுக்கு நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணமே லயத்துக்குள் வரவில்லை. விளம்பரம் தமிழில் வந்ததா, எங்கே வந்தது, என்ன தகுதி கேட்டார்கள் என்று நாங்களும் கவனித்ததில்லை. அது எங்கள் பிழை.

ஆகவே எங்கள் தோட்டக் கமிட்டி ஒரு கடிதம் எழுதுகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பாராளுமன்றத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு. காரணம் சொல்லத் தேவையில்லை, பிரஜையாக இருந்தால் போதும். கேட்பவை இவை: அனுமதிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, வெற்றிடம் எத்தனை, தமிழ் உரைபெயர்ப்பாளர், மொழிபெயர்ப்பாளர் எத்தனை பேர், கடந்த ஐந்து வருடத்தில் வெளியான வேலை விளம்பரங்களின் பிரதிகள், 2023 விசாரணைக்குப் பின் முறைப்பாடு செய்ய என்ன ஏற்பாடு வந்தது. முறைப்பாடு செய்த பெண்களின் பெயரையோ விபரத்தையோ கேட்கமாட்டோம், அது எங்களுக்கு வேண்டாம். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். இல்லை என்றால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் ஆணைக்குழு.

கடிதத்தைப் படித்துக் காட்டியபோது பின்வரிசையில் இருந்த மாதர் குழுத் தலைவி ஒன்று கேட்டார்: "நம்ம சங்கத்து சந்தாக் கணக்கையும் இப்பிடி எழுதிக் கேக்கலாமா?" கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஒவ்வொரு தொழிற்சங்கமும் வருடாந்தக் கணக்கைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதன் பிரதியை எங்கள் கிளைக் காரியாலயச் சுவரில் இந்த மாதம் ஒட்டுகிறோம்.

பாராளுமன்றத்துக்கான கடிதம் தமிழிலேயே போகிறது. பதில் வந்தாலும் வராவிட்டாலும் இந்த இதழில் போடுவோம். மற்றத் தோட்டக் கமிட்டிகள் அதே மாதிரியை எடுத்து எழுத விரும்பினால் கிளைக் காரியாலயத்தில் பிரதி இருக்கிறது. கையெழுத்து அந்தந்தத் தோட்டத்தில் ஒருவருடையதாக இருக்கட்டும். எங்கள் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது, அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையின் அம்மா.