புல்மோட்டை தந்த சிகிச்சையும் எஞ்சிய கேள்வியும்

மாத்தளையிலிருந்து பலாபத்வல ஊடாக வடக்கே செல்லும் ஏ9 வீதியில் பயணிப்போர் இன்று சில மணித்தியாலங்களில் வவுனியாவை அடைந்துவிடுகின்றனர். அங்கிருந்து மேற்கே, செட்டிகுளத்தில், 2009 ஆம் ஆண்டு மெனிக்பாம் முகாம் பரந்து கிடந்தது. அம்முகாமுக்கு வந்து சேர்ந்த இந்திய மருத்துவ அணி முதலில் பணியாற்றியது திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கரையோர ஊரிலாகும்.

2009 மார்ச்சில் அங்கு கள வைத்தியசாலை அமைக்கப்பட்டது. புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் கொண்டுவரப்பட்ட காயக்காரர்கள் அங்கு சிகிச்சை பெற்றனர். அவர்களிற் பலர் குழந்தைகள், பெண்கள், முதியோர். அவ்வைத்தியர்கள் காப்பாற்றிய உயிர்களை எந்த அரசியற் கணக்கும் சிறுமைப்படுத்தலாகாது.

ஆயினும் கப்பலில் ஏறமுடியாதோரின் நிலை என்ன? மயக்க மருந்தும் இரத்தமும் போதாத நிலையில் புதுமாத்தளனில் வைத்தியர்கள் சத்திரசிகிச்சை செய்தனர். எழுபதாயிரம் பேர் வரையிலேயே உள்ளனர் எனக் கூறிய அரசாங்கம் அக்கணக்கிற்கேற்பவே உணவும் மருந்தும் அனுப்பியது. யுத்தம் முடிந்தபோது முகாம்களில் அடைபட்டோர் மூன்று இலட்சத்தை அண்மித்தனர்! காயமுற்றோர் கரைசேர்ந்த பின் சிகிச்சையளித்த புதுடில்லி, அவர்கள் இருந்த இடத்துக்கே மருந்து செல்ல எவ்வளவு அழுத்தம் கொடுத்தது என்ற கேள்வி நியாயமானது.

1950 இல் கொரிய யுத்தத்துக்கு இந்தியா போர்ப்படை அனுப்பவில்லை. 60 ஆவது பரசூட் கள அம்புலன்ஸ் பிரிவையே அனுப்பியது. மருந்தைக் கொடுத்த கை ஆயுதம் ஏந்தாததால் அதன்மீது எவரும் ஐயுறவில்லை. இலங்கையிலோ இராணுவத்துக்கு ராடர்களை வழங்கியதும் அதே இந்தியாவே. 2008 செப்டெம்பரில் வவுனியாப் படைத்தளம் தாக்கப்பட்டபோது இந்தியத் தொழில்நுட்பவியலாளர்களும் காயமடைந்தனர். இது மறைக்க முடியாத செய்தி. அதற்கும் முன்னர், 1987 ஒக்டோபர் 21 ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ். போதனா வைத்தியசாலையில் வைத்தியர்களும் நோயாளர்களும் இந்தியப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தமிழ் மக்கள் மறந்துவிடவில்லை.

புல்மோட்டையில் கட்டுப் போட்டவர்கள் இதற்குப் பொறுப்பாளிகளல்லர். அவர்களை அனுப்பிய அரசிடமே பதிலை எதிர்பார்க்கிறோம்.