நிலப்படம் அலங்காரப் பொருளன்று

இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் பழைய நிலப்படங்கள் இன்று சுவர் அலங்காரமாகப் பெருமளவில் விற்பனையாகின்றன. பழுப்பேறிய தாள், இளம்பச்சைக் குன்றுகள், வளைந்தோடும் ஆறுகள், மூலையில் ஒரு குலச்சின்னம், அதைச் சுற்றி ஒரு மரச்சட்டகம். விடுதி வரவேற்பறைகளில் மட்டுமன்றி, நம் பல்கலைக்கழகங்களின் துறை அறைகளிலும் கருத்தரங்கச் சுவரொட்டிகளிலும் இவை இடம்பெறுகின்றன. ஆவணங்களை ஐயத்துடன் வாசிக்கக் கற்பிக்கும் அறையிலேயே, வாசிக்கப்படாத ஓர் ஆவணம் அழகுக்காகத் தொங்குகிறது. இந்த முரண் யாரையும் உறுத்துவதாகத் தெரியவில்லை. உறுத்தியிருக்க வேண்டும்.

இப்படங்களை விரும்புவோர் சொல்லும் காரணம் எளியது: அவை அமைதியான, மாறாத ஒரு கிராமத்தைக் காட்டுகின்றன என்பது. அந்த அமைதி தாளில் இல்லை. பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. இவற்றுள் பல, நிலத்தின்மீது அதிகாரத்தை நிறுவுவதற்காக வரையப்பட்டவை. பறிபோன உரிமைகளை மீட்க இன்று வழக்காடுவோருக்கு அவையே சான்றாகவும் நிற்கின்றன. அலங்காரம் இவ்விரு வரலாறுகளையும் ஒருசேர மூடிவிடுகிறது.

கிறிஸ்டோபர் சாக்ஸ்டனின் 1579ஆம் ஆண்டுத் தொகுப்பு இதற்கு முதற்சான்று. முதலாம் எலிசபெத் அரசின் ஆதரவிலும் தாமஸ் செக்ஃபோர்டு என்னும் அரசவை அதிகாரியின் பொருளுதவியிலும் உருவான கவுண்டி நிலப்படங்கள் அவை. படங்கள் ஒவ்வொன்றாக அச்சேறும்போதே, அரசியின் தலைமை அமைச்சரான பர்லி பிரபு அவற்றின் மெய்ப்புத் தாள்களைத் திரட்டி, தம் கைப்படக் குறிப்புகள் எழுதி வைத்துக்கொண்டார். ஆட்சிக்கும் பாதுகாப்புக்கும் அவை அவருக்குத் தேவைப்பட்டன. அப்படங்களில் சாலைகள் இல்லை. பிரபுக்களின் வேட்டைப் பூங்காக்கள் மட்டும் சிறுசிறு வேலி வளையங்களாகக் கவனத்துடன் செதுக்கப்பட்டுள்ளன. மக்கள் நடந்த வழி அங்கே காணப்படவில்லை. மக்கள் நுழையக் கூடாத இடம் காணப்படுகிறது. நிலப்படத்தின் மௌனங்களும் பொருளுடையவை என்று ஜே. பி. ஹார்லி 1980களில் எழுதியதை வகுப்பில் பாடமாக நடத்துவோர், அதே மௌனத்தைத் தம் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிவைத்திருக்கின்றனர்.

அலங்காரச் சந்தையில் அதிகம் விரும்பப்படுபவை ஜான் ஸ்பீடின் படங்கள். ஆம்ஸ்டர்டாமில் ஹோண்டியஸின் பட்டறையில் செப்புத்தகடுகளில் செதுக்கப்பட்டு, 1611 என்னும் ஆண்டைத் தாங்கி வெளிவந்தவை. அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன்பு, 1607இல், இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கவுண்டிகளில் பொதுநிலங்களை வளைத்துப் போட்ட வேலிகளைப் பிடுங்க உழவர்கள் திரண்டெழுந்தனர். நார்தாம்ப்டன்ஷயரின் நியூட்டன் என்னும் ஊரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஸ்பீடின் படங்களில் குலச்சின்னங்களுக்கு இடமுண்டு. பண்டைப் போர்க்களங்களுக்கும் இடமுண்டு. வேலியைப் பிடுங்கியவர்களுக்கு எந்தக் குறியீடும் வகுக்கப்படவில்லை.

ஸ்பீடின் பெரும்பாலான பதிப்புகளில் தாளின் பின்புறத்தில் அந்தந்தக் கவுண்டியைப் பற்றிய விவரணை அச்சிடப்பட்டிருக்கும். சட்டகம் அந்தப் பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பிவிடுகிறது. நூலின் கட்டைப் பிரித்துத் தாள்களைத் தனித்தனியே விற்கும் வணிகம் அதைத் தன் தொகுப்பிலிருந்தும் பிரித்துவிடுகிறது. வண்ணமின்றி விற்கப்பட்ட பல தாள்களுக்குப் பிற்காலத்தில்தான் வண்ணம் தீட்டப்பட்டது. கண்ணைக் கவரும் அந்தப் பசுமை, பல நேர்வுகளில், வாங்குவோரின் ஏக்கத்துக்காகப் பின்னர் சேர்க்கப்பட்ட பசுமை.

அடுத்து வந்தவை வேலியடைப்பின் நிலப்படங்கள். 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவற்றுள் அடங்கியது. ஆணையர்கள் வந்தனர், நில அளவையாளர் சங்கிலியுடன் வந்தார், மேய்ச்சல் உரிமையும் விறகு பொறுக்கும் உரிமையும் நேர்கோடுகளாகத் தாளில் பிரிக்கப்பட்டன. இங்கிலாந்தின் என்றுமுள்ள அழகாகப் போற்றப்படும் அந்தக் கட்டம் கட்டமான வயல்வேலிக் காட்சி, நடுப்பகுதிக் கவுண்டிகளில் பெரும்பாலும் இச்சட்டங்களின் விளைவே. நார்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்துக்கான சட்டம் 1809இல் நிறைவேறியது. அவ்வூர்க் கூலித் தொழிலாளியான ஜான் கிளேர், தாம் திரிந்த திறந்தவெளி மூடப்பட்டதைக் கவிதைகளாக எழுதினார். கிளேரின் கவிதையைப் பாடத்திட்டத்தில் வைத்துவிட்டு, அந்த வேலிகளின் படத்தைச் சுவரில் அழகுக்கு வைப்பது எவ்வகை வாசிப்பு?

ஆர்டினன்ஸ் சர்வே என்னும் பெயரே தன் பிறப்பைச் சொல்கிறது. 1791இல் அதைத் தொடங்கியது பீரங்கிகளுக்கும் கோட்டைகளுக்கும் பொறுப்பான போர்த்தளவாட வாரியம். பிரெஞ்சுப் படையெடுப்பு குறித்த அச்சம் நிலவிய 1801இல் அதன் முதல் படமாக வெளிவந்தது தென்கிழக்குக் கடற்கரைக் கவுண்டியான கென்ட். முதல் உலகப்போர் முடிந்ததும் அதே நிறுவனம் உல்லாசப் பயணிகளை நாடியது. 1919இல் எல்லிஸ் மார்ட்டின் வரைந்த அட்டையில் ஒருவர் குன்றின்மீது அமர்ந்து நிலப்படத்தை விரித்துப் பார்க்கிறார். குன்றுகள் எல்லாருக்கும் திறந்திருப்பதாக அந்த ஓவியம் சொன்னது. ஆனால் 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்த நூற்றுக்கணக்கான இளைஞர்களுள் ஐவர் சிறை சென்றனர். அட்டைப்படத்தின் வாக்குறுதிக்கும் காவற்காரரின் தடிக்கும் இடையிலிருந்த தொலைவை எந்தச் சட்டகமும் காட்டுவதில்லை.

இனி மறுபக்கம். வேலியடைப்பு ஆவணங்கள் நிலத்தைப் பறித்ததோடு, பொதுப்பாதைகள் சிலவற்றைச் சட்டப்படி வரையறுக்கவும் செய்தன. 1801ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் செயற்பட்ட ஆணையர்களுக்குப் பொது நடைபாதைகளையும் குதிரைப்பாதைகளையும் உருவாக்கும் அதிகாரம் இருந்தது என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பால், மறந்துபோன பல பாதைகளுக்கு உயிர்பெறும் வாய்ப்பு வந்தது. பதிவேறாத பழைய பாதைகளைக் கண்டறியத் தன்னார்வலர்கள் இத்தகைய நிலப்படங்களையும் தசமபாக நிலப்படங்களையும் பழைய ஆர்டினன்ஸ் சர்வே தாள்களையும் கோடு கோடாக ஒப்பிட்டு வருகின்றனர். சாதாரண நடைப்பயணிகள் ஆவணத்தை ஆவணமாக வாசிக்கின்றனர். ஆய்வுப்பட்டம் பெற்றோர் அதை ஓவியமாக மாட்டுகின்றனர்.

அழகியல் இன்பத்துக்கும் அரசியல் கணக்கு கேட்பதா என்று சிலர் சினக்கலாம். செதுக்குநரின் கைத்திறனை எவரும் மறுக்கவில்லை. சுவரில் இருந்ததனாலேயே சில தாள்கள் அழியாமல் தப்பின என்பதும் உண்மை. ஆயினும் அந்த வாதம் இன்று வலுவிழந்துவிட்டது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இங்கிலாந்தின் பழைய ஆர்டினன்ஸ் சர்வே தாள்களையும் பெருமளவில் இணையத்தில் கட்டணமின்றித் திறந்துவைத்துள்ளது. பாதுகாப்பதற்குச் சுவர் தேவையில்லை. வாசிப்பதற்கு மேசை போதும்.

இந்தியக் கல்வியாளர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. கென்ட் படம் வெளிவந்த அடுத்த ஆண்டே, 1802இல், வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலையருகே தம் அடிக்கோட்டை அளந்தார். இங்கிலாந்தில் மேய்ச்சற் பொதுநிலத்துக்கு வழங்கிய ‘வேஸ்ட்’ என்னும் சொல், காலனிய வருவாய்த்துறையின் மொழியில் இந்நாட்டின் மேய்ச்சல் வெளிகளுக்கும் காடுகளுக்கும் சூட்டப்பட்டது. பலர் பயன்படுத்திய நிலம் பயனற்ற நிலமாகப் பதிவேறியது. தரிசு, புறம்போக்கு என்னும் வகைப்பாடுகளின் பெயரால் இன்றும் மக்கள் வெளியேற்றப்படும் நாட்டில், அந்தச் சொல் முதலில் பயின்ற நிலத்தின் படத்தை ஏக்கத்துடன் பார்த்து நிற்பது அறியாமை. அறிந்தும் நிற்பது அதனினும் கேடு.

எனவே கேட்கப்படுவது படத்தை எரிப்பதன்று. அதனருகே ஒரு குறிப்பு இருக்கட்டும்: யார் வரைந்தார், யார் பணம் கொடுத்தார், எந்த ஆண்டு, எது விடுபட்டது. தாளின் பின்புறத்தை ஒருமுறையேனும் மாணவர் படிக்கட்டும். இவ்வளவும் இயலாத துறை, அந்த இடத்தில் ஒரு நாட்காட்டியை மாட்டிக்கொள்ளலாம். நாட்காட்டியாவது தன் ஆண்டை மறைப்பதில்லை.